மைக்செட்டின் ரீல்

டமார் என்று மேசை அதிர்ந்தபோது நான் ஆளை நிமிர்ந்து பார்க்கவில்லை, ரீலைத்தான் பார்த்தேன். ஒரு தூண்டில் ரீலை மேசையில் அப்படிப் போடக்கூடாது. தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல, துணியை விரித்து, கைப்பிடி மேலே வரும்படி வைக்க வேண்டும். கைப்பிடித் தண்டு மயிரிழை அளவு வளைந்தால்கூட உள்ளே பல்சக்கரம் முனக ஆரம்பித்துவிடும். இருபத்திரண்டு வருடமாக என் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவரைத் தவிர எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

இன்று காலை நீங்கள் அந்த ரீலை உறையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தீர்களே மேடம், சத்தமே வரவில்லை. அதனால்தான் வக்கீல் யாரும் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். பொருளை மதிக்கிறவர்களிடம் பேச எனக்குப் பிடிக்கும்.

அன்று ரீலைப் போட்டவர் மைக்செட். அவருடைய சொந்தப் பெயர் உங்கள் காகிதத்தில் இருக்கும். படகுத்துறையில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. இன்ஜின் அறைக்குள் அவர் ரகசியம் பேசினால் ஐஸ் கொட்டகையில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். அப்படிப்பட்ட தொண்டை. தூண்டிலில் பெரிய மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்களை ஆழ்கடலுக்குக் கூட்டிப்போகிற படகு அவருடையது. என் தம்பி அதில்தான் வேலை பார்த்தான்.

"மாஸ்டர், இத ஒரு வாட்டி பிரிச்சுப் பாத்துடுப்பா. சனிக்கிழமை பெரிய சூரை மீன் கிடைக்கும்ங்கிறாங்க," என்றார். பிறகு, தெருமுனைவரை கேட்கும்படி, "கோவிச்சுக்காத, முடிச்சதும் தராசுல ஒரு தடவை மாட்டிக் காட்டிடு" என்றார்.

கோவிச்சுக்காத. பதினான்கு மாதமாக அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தராசு என்றால் என்ன என்று நீங்கள் கேட்பதற்கு முன் ரீலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ரீலின் உயிர் அதன் பிரேக். மீன் இழுக்கும்போது நரம்பு, அதாவது தூண்டிலின் நைலான் இழை, வெளியே போகவேண்டும். சும்மா போகாமல் இறுக்கத்தோடு போகவேண்டும். ஒன்பது கிலோ இறுக்கம் வைத்தால், மீன் அதற்கு மேல் இழுக்கும்போதெல்லாம் நரம்பு இளகி வெளியே கொடுக்கும். ஓடி ஓடி மீன் களைத்துப்போகும். பக்கவாட்டில் ஒரு லீவர் இருக்கும். அதில் ஒரு குறி. குறிவரை தள்ளினால் நாம் வைத்த ஒன்பது கிலோ. குறியைத் தாண்டித் தள்ளினால் முழுப்பூட்டு. கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி இழுத்தால் எத்தனை கிலோவில் கொடுக்கிறது என்று முள் காட்டும். அவ்வளவுதான் அந்த வித்தை. சுவரில் ஆணியில் தொங்கும் பொருள். எனக்கு அது எப்போதாவதுதான் வேண்டும். என் கையே சொல்லிவிடும்.

பெரிய மீன் என்றால் பிடிக்கிறவர் அகலமான பெல்ட் கட்டிக்கொள்வார். பெல்ட்டின் இரண்டு கொக்கிகளும் ரீலின் காதுகளில் மாட்டியிருக்கும். கைக்கு வலி இல்லை, முதுகு தாங்கிக்கொள்ளும். பிரேக் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை சொகுசு. பூட்டிக்கொண்டால் மீனுக்கும் மனிதனுக்கும் நடுவில் நெகிழ்ந்துகொடுக்க எதுவுமே இல்லை. அந்த நரம்பு ஒரு ஆளின் எடைக்கு மேல் தாங்கும்.

என் தம்பி அப்படித்தான் போனான். பிடிக்க வந்தவருக்கு வாந்தி. கம்பைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். தம்பி பெல்ட்டை மாட்டிக்கொண்டான். மீன் இரண்டு நிமிடம் ஓடியதாம். பிறகு ஆணி அடித்ததுபோல நரம்பு நின்றுவிட்டதாம். அவன் படகின் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போவதைப் பார்த்தவர்கள், குதித்தான் என்றே நினைத்திருக்கிறார்கள். மைக்செட் கத்தியோடு பின்னாலேயே பாய்ந்தார். அதை எல்லோரும் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். பாய்ந்தார், சரி, தனியாகத்தானே மேலே வந்தார். தம்பி மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். ரீல் அப்போதும் பெல்ட்டில் மாட்டியே இருந்தது.

அந்த ரீலை அன்று காலை சர்வீஸ் செய்து கொடுத்தது நான். மறைக்கவில்லை. தம்பி பட்டறை வாசலில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, போதும், மூடுண்ணே. மைக்செட்டு ஹாரன் அடிக்கிறாரு."

"அடிக்கட்டும். அவருக்கு வாய் வலிச்சா ஹாரன், ஹாரன் வலிச்சா வாய்."

சிரித்தான். ஹாரன் மறுபடி அடித்தது. எண்ணிக்கொண்டிருந்தேன், ஐந்து தடவை. ஒரு வேலைக்காரனை நிம்மதியாக ஒரு ரீலை மூடவிடாத மனிதர் அவர். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் மேடம்.

எட்டு நாள் கழித்துத் துறையில் பேச்சு வந்தது. பூட்டிக்கொண்டது என்றால் இரண்டில் ஒன்றுதான். யாரோ லீவரைக் குறியைத் தாண்டித் தள்ளியிருக்க வேண்டும். இல்லையென்றால் ரீலை உள்ளே தப்பாகக் கோத்திருக்க வேண்டும். லீவரைத் தள்ளியிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். மீனைப் பார்த்ததும் மைக்செட்டுக்குத் தலைகால் புரியாது, 'விடாத, விடாத' என்று கத்திக்கொண்டு அவரே தள்ளியிருப்பார் என்று சொன்னேன். அதில் என்ன தப்பு? அவரைத் தெரிந்த யாரும் நம்புவார்கள்.

அவர் என் பக்கம் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"லீவர் குறியிலதான்ப்பா இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். கருகின வாசனைகூட வந்துச்சு." பிறகு ஊருக்கே திரும்பிக்கொண்டார். "மனுஷன்தானே, கை தவறியிருக்கும். கூடப்பொறந்தவனையே பறிகொடுத்துட்டு நிக்கிறான். எனக்கு அவன்மேல ஒரு கோவமும் இல்ல. என் ரீலெல்லாம் இனியும் அவன்கிட்டதான் போகும். யாரும் அவன ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, சொல்லிட்டேன்."

என்னை மன்னித்தார் மேடம். அந்தத் தொண்டையால், நூறு பேர் நடுவில், மன்னித்தார். திட்டினால் திருப்பித் திட்டலாம். மன்னித்தவரை என்ன செய்வது? நூறு பேரும் தலையாட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று வலைக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றுவரை லீவரா, ரீலா என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மன்னித்ததும் கேள்வி முடிந்துபோயிற்று. தப்பு செய்யாதவனை யாராவது மன்னிப்பார்களா?

சொன்னதுபோலவே ரீல்களை என்னிடமே கொண்டுவந்தார். கொண்டுவந்து, முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்து, "கோவிச்சுக்காத, தராசுல ஒரு தடவை" என்றார். அவரைப் பார்த்து மற்றவர்கள் கேட்டார்கள். ஒரு மாதத்தில் தராசு ஆணியிலிருந்து இறங்கி மேசைக்கே வந்துவிட்டது. மாஸ்டர் என்று கூப்பிட்டவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைத் தராசு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தராசு எதையும் காட்டாது. தப்பாகக் கோத்த ரீலும் அதில் சமர்த்தாக ஒன்பதைக் காட்டும். குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை காட்டுவதுபோல நான் அவர்களுக்கு முள்ளைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பியின் மனைவியைப் பற்றியும் கேட்டீர்கள். உங்கள் ஸ்டேஷனிலிருந்து தம்பியின் பொருள்களோடு அந்த ரீலையும் திருப்பிக் கொடுத்த அன்று அவள் நேராகப் பட்டறைக்கு வந்தாள். பிளாஸ்டிக் பையில் உப்புப் பூத்துக் கிடந்தது ரீல்.

"அத்தான், இதப் பிரிச்சுப் பாத்து எனக்கு மட்டும் சொல்லுங்க. உங்க கை தவறியிருந்தாலும் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். எப்படிச் செத்தாருன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கல."

சாயங்காலம் வரச்சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். ஒவ்வொரு உறுப்பாகக் கழுவினேன், துடைத்தேன், எண்ணெய் தொட்டேன். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில், அதனதன் பக்கம் பார்த்து வைத்து மூடினேன். அவள் வந்ததும், "உள்ள எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. லீவரைத்தான் தள்ளியிருக்காங்க" என்றேன்.

"சத்தியமா?"

"வேணும்னா வேற யார்கிட்டயாவது காட்டு. இப்பவே பிரிச்சுப் பாக்கட்டும்."

காட்டவில்லை. என்னை நம்பினாள். மறுநாள் மைக்செட் அவளைப் பார்க்கப் போனபோது முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். வாரத்துக்கு ஒருமுறையாவது போவார், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு. சாத்தின கதவுக்கு வெளியே நின்று, "நான் தள்ளலம்மா" என்பார். அந்தத் தொண்டையில் அப்படி ஒரு சின்னக் குரல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கேட்கச் சகிக்கவில்லை. ஒரு மனிதர் அப்படி நடிக்கலாமா?

இனி அந்த வெள்ளிக்கிழமை. காலையில் புதிதாக ஒருவர் வந்தார், பள்ளிக்கூட வாத்தியார். முதல் தூண்டில் கம்பு வாங்குகிறார். இப்படிப்பட்டவர்கள் கடையிலேயே முரட்டுக் கம்பைத்தான் தூக்குவார்கள். நான் அவரை உட்காரவைத்து, நுனியைத் தரையில் ஊன்றி வளைத்துக் காட்டினேன். மேல் பாதியில் வளைகிற கம்பு தூர வீசும். அடிவரை வளைகிற கம்பு மீனை விடாது. பாலத்தின் மேல் நின்று சின்ன மீன் பிடிப்பவருக்கு எது வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். கம்பில் நரம்பு ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டு இழுத்து, எங்காவது இழை மாட்டினால் அங்கே விரிசல் இருக்கிறது, நரம்பை அறுத்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு கம்பில் ஏழாவது வளையத்தில் பஞ்சு மாட்டியது. அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு எடுத்துக்கொடுத்தேன். கடலில் இருந்து வந்தால் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவவேண்டும், பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும், வீட்டில் வைக்கும்போது பிரேக்கைத் தளர்த்தி வைக்கவேண்டும் என்றேன். எல்லாவற்றையும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு மனம் குளிர்ந்தது. எழுந்து போகும்போது கேட்டார்.

"சார், இங்க தராசுன்னு ஒருத்தர் இருக்காராமே. அவர்கிட்ட எது வாங்கினாலும் மாட்டிக் காட்டச் சொல்லணும்னு துறையில சொன்னாங்க. நீங்கதானா அது?"

நான்தான் என்றேன். மாட்டிக் காட்டினேன். அவர் படி இறங்கினார். அடுத்த நிமிடம்தான் மேசை டமார் என்றது.

எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபத்தில் கை நடுங்குகிறவன் இல்லை நான். மைக்செட்டுக்கு அன்று டீசல் போடும் வேலை இருந்தது; மதியம் வருகிறேன் என்று போனார். நான் துணியை விரித்தேன்.

அந்த ரீலுக்குள் நான்கு கிண்ண வாஷர்கள் உண்டு. சட்டைப் பொத்தான் அளவு, சாஸர் மாதிரி லேசாகக் குழிந்திருக்கும். அவற்றை வாயோடு வாய், முதுகோடு முதுகு என்று மாற்றி மாற்றி வைக்கவேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங் மாதிரி அமுங்கி எழும். மீன் நீண்ட தூரம் ஓடும்போது பிரேக் தகடுகள் சூடேறித் தடிக்கும். தடிக்கிற அளவுக்கு இந்த வாஷர்கள் அமுங்கி இடம் கொடுக்கும். கழுவி அடுக்கிய தட்டுகள்போல நான்கையும் ஒரே பக்கம் பார்த்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துவிட்டால் இடம் கொடுக்காது. தகடு தடிக்கும், போக இடமில்லை, பிடித்துக்கொள்ளும். நான்கையும் ஒரே பக்கம் பார்த்து வைத்தேன். திருகைச் சரிசெய்து, குறிக்கு ஒன்பது கிலோ வரும்படி அமைத்தேன். பதினைந்து நிமிட வேலை. அவசரப்படுத்த யாரும் இல்லை.

அது அவருடைய சொந்த ரீல், வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கமாட்டார் என்பதால் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது எனக்குச் சாதகமாக இருக்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன் என்றுதானே ஆரம்பித்தேன். மதியம் அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தராசில் மாட்டினேன். முள் ஒன்பதில் நின்றது, நரம்பு வெண்ணெய் மாதிரி வந்தது.

"பாத்தியா. தங்கமான கைப்பா உனக்கு. நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன், அன்னைக்கு நேரம் சரியில்ல, அவ்வளவுதான்னு." என் தோளைத் தட்டினார். "உன் தம்பிக்கு அப்புறம் நான் வேற யாருக்கும் பெல்ட்டு மாட்டுறதில்ல தெரியுமா? பெரிய மீனுன்னா நானே நிக்கிறேன். ஆனா எம்பொண்ணு ஒருத்தி இருக்காளே, இந்தத் தடவை நான்தான் பிடிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. என்னப்பா, பிடிக்கட்டுமா?"

"அவங்க இஷ்டம்," என்றேன்.

யோசித்துத்தான் சொன்னேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்டிருப்பார். அந்தப் பெண்ணை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், மாமா என்றுதான் கூப்பிடுவாள், அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவருக்கு என் இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிவதற்கு அதுவும் ஒரு வழிதானே என்று தோன்றியது. ஒருவேளை அதுவே சரியான வழி என்றும் தோன்றியது. அப்போது நான் போய் அவரை மன்னித்திருக்கலாம்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு ஹாரன் கேட்டது. மூன்று மணிக்குத் திரும்ப வேண்டிய படகு. ஒரு கம்பில் வளையத்தை வைத்து நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் நூல் தளர்ந்துவிடும். சுற்றி முடித்து, முடிச்சுப் போட்டு, வார்னிஷ் தடவிக் காயவைத்தேன். ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

பெண் ஸ்டீயரிங்கில்தான் இருந்திருக்கிறாள். கடைசி நிமிடத்தில் அவர் பெல்ட்டைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாராம். கத்தியை வாயில் கடித்துக்கொண்டு நீரில் பாய்ந்து அவள்தான் நரம்பை அறுத்திருக்கிறாள், அப்பாவை மேலேயும் கொண்டுவந்திருக்கிறாள். நேரம் கடந்துவிட்டது. படகின் தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவ்வளவு பெரிய மனிதர், ஒரு சத்தமும் இல்லை. துறையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. யாரும் யாரையும் மன்னிக்கவில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ரீலைக் கழற்றித் துணியில் சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்தாள். "குடும்மா, நான் பாக்குறேன்" என்றேன். கொடுக்கவில்லை. உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கெட்டிக்காரி.

அவ்வளவுதான் மேடம். நான் செய்தது கொலை என்று தெரியும். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு மேலே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். செய்யாத தப்புக்குப் பதினான்கு மாதம் மன்னிக்கப்பட்டவன் இவன் என்று. நீதிபதியும் ஒரு மனிதர்தானே, இதைப் படித்தால் அவருக்குப் புரியும்.

இன்ஸ்பெக்டர் மேடம் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடி வைத்துவிட்டு ரீலைத் தன் பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு வராத மாணவிபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. எங்க ஆள் இத ரெண்டு நாள் மேசையில வெச்சு இழுத்துப் பாத்தார். தராசுலயும் மாட்டிப் பாத்தார். நீங்க சொன்ன மாதிரி ஒன்பதுதான் காட்டுது. பிரேக்குல கோளாறே இல்லன்னுதான் முதல்ல எழுதிக் குடுத்தார். தயாரிச்ச கம்பெனிக்கே போன் பண்ணோம். வாஷரை மாத்தி மாத்தித்தான் வைக்கணும்னு சொன்னாங்க. ஒரே பக்கமா வெச்சா என்ன ஆகும்னு கேட்டா, நாங்க அப்படி வெச்சுப் பாத்ததே இல்லங்கிறாங்க."

"ஆமா மேடம். புத்தகத்துலயும் இருக்காது."

"அப்ப சூடேறினா பிடிச்சுக்கும், ஆளையே இழுத்துட்டுப் போற அளவுக்குப் பிடிக்கும்னு உங்களுக்கு மட்டும் எப்படி அவ்வளவு உறுதியாத் தெரிஞ்சுது? இதுக்கு முன்னாடி யார் ரீல்லயாவது இப்படி வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தம்பி ரீல்ல வேணும்னு வைக்கல மேடம்."